“ஏன் இந்த வேலைக்கு வர்றீங்க?” – கேள்வி பதில்

மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டுகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. இன்டர்வியூவில் இந்தக் கேள்வி எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

தண்டையார்பேட்டை, பி.காம்.: அக்கா, எல்லாரும் காசுக்குத்தான் வேலைக்கு வர்றோம். தெரிந்தே ஏன் கேட்கிறார்கள்?

கேட்கிறவரும் காசுக்குத்தான் வந்திருக்கிறார், தம்பி. பக்கத்து யார்டில் இரண்டாயிரம் கூடக் கொடுத்தால் நீங்கள் கிளம்பிவிடுவீர்களா என்பதுதான் அவர் கவலை. கன்டெய்னரில் நான்கு எழுத்து, ஏழு எண் இருக்கும். மற்றவை சரியா என்று சோதிக்கத்தான் அந்தக் கடைசி எண். அதில் ஆரம்பித்து கஸ்டம்ஸ் பேப்பர் வரை ஒரு சீனியர் தன் வேலையைப் போட்டுவிட்டுச் சொல்லித்தருகிறார். பழகின கையோடு ஆள் போய்விட்டால்? மறுபடியும் முதலிலிருந்து.

ராயபுரம்: அப்போ சம்பளத்தைப் பற்றிப் பேசவே கூடாதா?

தாராளமாகப் பேசுங்கள், ஆனால் அதை மட்டுமே பேசாதீர்கள். பிட்ஸ்பர்க் பக்கத்து எஞ்சினியர்களையும் கணக்கர்களையும் விசாரித்து ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959-இல் சொன்னது இது: சம்பளம் குறைந்தால் மனசு கசக்கும், ஆனால் ஒருவரை உற்சாகமாக வைத்திருப்பது பெரும்பாலும் செய்கிற வேலையும் அதில் கிடைக்கிற பெயரும்தான். இதை மறுத்தவர்களும் உண்டு. வாடகை கட்ட முடியாதவரிடம் போய் இதைச் சொன்னால் எனக்கே அடி விழும்.

வியாசர்பாடி: “எனக்கு சவால்கள் பிடிக்கும்” என்று யூடியூப்பில் சொன்னபடி சொன்னேன். எடுக்கவில்லை.

“கடைசியாக எந்தச் சவால்?” என்று அடுத்து கேட்டிருப்பார்களே! அங்கேதான் முக்கால்வாசிப் பேர் முழிக்கிறார்கள். காசிமேட்டுப் பையன் ஒருவன் வந்தான். மாமாவுக்காக விடியற்காலை மீன் ஏலத்தில் நின்று, கூடை கூடையாகக் கணக்கு எழுதுகிறவன். “கணக்கு இடிச்சா, எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் சாப்பாடு இறங்காது மேடம்” என்றான். சட்டைப் பையிலிருந்து ஈரம் பட்டு மை கலைந்த சிட்டை ஒன்றை எடுத்து, எந்த வரியில் தப்பு என்று காட்டினான். பில்லிங்கில் எடுத்துக்கொண்டார்கள். அவனுடைய இங்கிலீஷ் சுமார்தான்.

எண்ணூர், டிப்ளமோ: வீட்டுக்குப் பக்கம் என்பதைக் காரணமாகச் சொல்லலாமா?

ஷிஃப்ட் வேலைக்கு நல்ல காரணம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே மாட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டு, அப்புறம் இதைச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர்: “கல்யாணம் எப்போ?” என்றும் கேட்டார்கள். இதுவும் ஆர்வத்தைப் பார்க்கத்தானா அக்கா?

இல்லைம்மா, அது வேண்டாத கேள்வி. “ஷிஃப்ட் நேரம் எனக்குச் சரிப்படும் சார்” என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

பெரம்பூர்: ரயில்வே குரூப் சி-க்கும் இப்படித் தயாராக வேண்டுமா?

வேண்டாம். மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் இன்டர்வியூவே கிடையாது. கணக்கையும் ரீசனிங்கையும் பாருங்கள்.