பிளாஸ்டிக் ஜிக்குகளுக்கு எந்த மரை? பிளாஸ்டிக்கிலேயே மரை வெட்டலாமா?

பட்டறைக்கான ஜிக்குகளை, அதாவது வேலைப்பொருளைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் அமைப்புகளை, பிளாஸ்டிக்கில் நீங்களே செய்கிறீர்கள். எம்5, எம்6, எம்8 (5, 6, 8 மி.மீ. விட்டமுள்ள மரைகள்) மூன்றில் எது, மரையைப் பிளாஸ்டிக்கிலேயே வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவேன்.

அந்த மரையில் போடும் போல்ட்டை எவ்வளவு அடிக்கடி கழற்றுவீர்கள்? ஒருமுறை முடுக்கி அப்படியே விட்டுவிடுவீர்கள் என்றால் தாராளமாக டேப் போடலாம், அதாவது பிளாஸ்டிக்கிலேயே மரை வெட்டலாம். வேலைக்கு வேலை தளர்த்தி முடுக்கும் கைப்பிடி என்றால் வேண்டவே வேண்டாம். எஃகு போல்ட் ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் மரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அங்கே நட்டுதான் சரி. பின்பக்கம் அறுகோணக் குழி எடுத்து அதில் நட்டை உட்கார வையுங்கள். எம்6 நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 10 மி.மீ., எம்8 நட்டுக்கு 13 மி.மீ. முடுக்கும்போது நட்டு குழியின் அடியை நோக்கி இழுபட வேண்டும். வெளியே தள்ளப்படும் பக்கம் வைத்தால் எந்தப் பயனும் இல்லை. பின்பக்கம் கை எட்டாத இடத்தில், சூடாக்கி அழுத்திப் பதிக்கும் பித்தளை இன்செர்ட் (உள்ளே மரை உள்ள சிறு குழல்) நல்லது.

டேப் போடுவதானால் சாதாரண அகல மரையே போதும். நெருக்க மரை இறுக்கமாகப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பிளாஸ்டிக்கில் அதை நம்பாதீர்கள். நெருக்க மரையின் பற்களுக்கு ஆழம் குறைவு. துளை சற்று விரிந்துகொடுத்தாலே பிடி நழுவும். எஃகில் விட்டத்தின் அளவுக்கு மரை இருந்தால் போதும் என்பார்கள். பிளாஸ்டிக்கில் நான் இரண்டு மடங்குக்குக் குறையமாட்டேன். எம்6 என்றால் 5 மி.மீ. டிரில், 12 மி.மீ. ஆழத்துக்கு மரை. அக்ரிலிக்கில் மெதுவாகத் திருப்புங்கள், அடிக்கடி பின்னே சுற்றித் துகளை வெளியேற்றுங்கள். அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டிலும், போல்ட் தளராமல் இருக்கப் பூசும் மரை பூட்டும் திரவத்தைத் தொடவே தொடாதீர்கள், விரிசல் விடக்கூடும். நைலான் வளையம் உள்ள நட்டு அந்த வேலையைச் செய்யும்.

அளவு என்று வந்தால் என் தேர்வு எம்6. வலிமை ஒரு காரணம். அதைவிட அதன் பிட்ச் (அடுத்தடுத்த பற்களுக்கு இடையிலான தூரம்) சரியாக 1 மி.மீ. என்பது எனக்குப் பெரிது. ஒரு சுற்றுக்கு 1 மி.மீ., கால் சுற்றுக்கு 0.25 மி.மீ. நகரும். நிறுத்துக்கட்டையை நுணுக்கமாக நகர்த்தும்போது மனக்கணக்கே போதும். எம்5-இன் 0.8, எம்8-இன் 1.25 இரண்டிலும் இந்த வசதி இல்லை. ஜிக்குகள் எல்லாவற்றிலும் ஒரே அளவு இருந்தால் கைப்பிடிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். போல்ட் தடையின்றி நுழையும் துளைக்கு 6.6 மி.மீ. வையுங்கள்.

பலமாக அழுத்திப் பிடிக்கும் கிளாம்புக்கு எம்8 எடுக்கலாம், ஆனால் அகலமான வாஷர் கட்டாயம். தொடர்ந்து அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மெல்ல அமுங்கி, இறுக்கம் தானாகவே குறையும். முப்பரிமாண அச்சுக்குப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இதில் மோசம். 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதை விட்டுவைக்காதீர்கள்.

முப்பரிமாண அச்சில் மரையையும் சேர்த்தே எடுப்பதென்றால் எம்10-க்குக் கீழே நான் போவதில்லை. திருகை நிற்க வைத்து அச்சிட்டால் மரை அழகாக வரும், ஆனால் முறுக்கும்போது அடுக்கு பிரிந்து ஒடியும். இரண்டு பக்கங்களைத் தட்டையாகச் சீவிய வடிவில் படுக்க வைத்து அச்சிடுங்கள். மரை சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் தண்டு தாங்கும்.