கேபின் கேள்விகள்: பிளாட்டர் தட்டும் பிலிம் சிக்கலும்

மும்பை வாசகர்களிடமிருந்து இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் பிளாட்டர் பற்றிய கேள்விகள். முழுப் படத்தின் பிலிமையும் ஒரே சுருளாகக் கிடையாக வைத்து, சுழன்றபடி புரொஜெக்டருக்கு ஊட்டும் தட்டுதான் பிளாட்டர். மூடிய தியேட்டர்களின் சாமான்கள் கைமாறுகின்றன என்று தெரிகிறது.

கே: எங்கள் திரைப்படச் சங்கத்துக்கு மூன்று தட்டு பிளாட்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. நடுவில் வைக்கும் பிரெயின் (பிலிமின் இழுப்பைப் பார்த்துத் தட்டின் வேகத்தை மாற்றும் பாகம்) சரியாக வேலை செய்யவில்லை. அதை எடுத்துவிட்டு, ரெகுலேட்டர் வைத்துக் கையாலேயே வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டலாமா? (வாசகர், செம்பூர்)

ப: வேண்டாம். கொஞ்சம் கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 24 பிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது சுமார் 27.4 மீட்டர். புரொஜெக்டர் இதில் கூட்டவும் மாட்டாது, குறைக்கவும் மாட்டாது. பிளாட்டரிலோ பிலிம் சுருளின் உள்பக்கத்திலிருந்து வெளியேறுகிறது. உள்விட்டம் 30 செ.மீ. இருக்கும்போது தட்டு நிமிடத்துக்கு 29 சுற்று சுற்ற வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. கடைசிச் சுற்றுக்கு வரும்போது விட்டம் 94 செ.மீ. ஆகியிருக்கும், அப்போது 9 சுற்று போதும். இடைப்பட்ட நேரம் முழுக்க வேகம் இறங்கிக்கொண்டே வரவேண்டும். தொடக்கத்தில் ஒரே ஒரு சுற்று கூடுதலாகிவிட்டால், நிமிடத்துக்கு 94 செ.மீ. பிலிம் நடுவில் தொளதொளத்துக் கிடக்கும். எந்த ஆபரேட்டரின் கையும் இரண்டரை மணி நேரம் அந்த அளவு துல்லியமாக நிற்காது. எவ்வளவு வேண்டும் என்று பிலிமே இழுத்துச் சொல்ல வேண்டும். அதைக் கேட்பதற்குத்தான் பிரெயின்.

ஆகவே பிரெயினைச் சரிசெய்யுங்கள். அதிலுள்ள ஆடும் கை சில வகைகளில் ஒரு பொட்டென்ஷியோமீட்டரை (திருப்பினால் மின்தடை மாறும் பாகம்) திருப்பும். சிலவற்றில் ஒளி உணரியின் முன் ஒரு தகட்டை நகர்த்தும். பொட்டென்ஷியோமீட்டர் வகை என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, நடு முனையின் கம்பியைக் கழற்றி, முள் உள்ள பழைய மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். கையை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்த்தும்போது முள் சீராக நகர வேண்டும். எங்காவது குதித்தால் உள்ளே கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள லேமிங்டன் ரோட்டில் மாற்று வாங்கும்போது அதே ஓம் மதிப்பைக் கேட்டால் மட்டும் போதாது, நேர் விகித (லீனியர்) வகையா என்றும் பாருங்கள். வால்யூமுக்கு விற்பதைப் போட்டுவிட்டால் தட்டு ஒரு பக்கம் தூங்கும், மறுபக்கம் பாயும். ஒளி வகைக்குப் பெரும்பாலும் உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுவதே மருந்து. ஜன்னல் வெயில் அதன்மேல் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பிலிம் போடாமல், ஆடும் கையைத் தொய்வுக் கோடியில் (பிலிம் தளர்ந்திருக்கும்போது கை நிற்கும் இடத்தில்) பிடித்துப் பாருங்கள். தட்டு முழுதாக நிற்க வேண்டும். ஊர்ந்துகொண்டே இருந்தால் குறைந்தபட்ச வேகத்துக்கான திருகைக் குறையுங்கள். உங்கள் பிளாட்டர் ரப்பர் சக்கரத்தால் ஓடுவது என்றால், வழவழப்பேறிய ரப்பரை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். பல மாதம் ஒரே இடத்தில் அழுந்தி நின்ற சக்கரத்தில் தட்டையான தடம் விழுந்திருக்கும். அதைத் துடைத்துப் பயனில்லை, மாற்றியே ஆகவேண்டும். முதல் சோதனைக்குக் கழிவு பிலிம் 300 அடி போதும், மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். நல்ல பிரின்ட்டை அன்றைக்கே ஏற்றிவிடாதீர்கள்.

கே: ஏ.சி. போட்ட அறையில் பிலிம் அடுக்கோடு அடுக்கு ஒட்டிக்கொண்டு வந்து பிரெயினைச் சுற்றிக்கொள்கிறது. என்ன செய்வது? (வாசகர், தாராவி)

ப: முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு காட்சியிலும் ஒரே இடத்தில் சிக்குகிறதா, வேறுவேறு இடத்திலா? ஒரே இடம் என்றால் குற்றவாளி அங்குள்ள ஒட்டு. பழைய டேப்பின் பசை வெப்பத்தில் கசிந்து அடுத்த அடுக்கைப் பிடித்துக்கொள்ளும். டேப்பை உரித்து, பசையைத் துடைத்து, பிரேம் கோட்டின் (இரு பிரேம்களுக்கு இடையிலுள்ள கோடு) மேலேயே இருபுறமும் புது டேப் ஒட்டிக் காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்துங்கள். பாலியஸ்டர் வகை பிலிமில் சிமென்ட் ஒட்டு (டேப் இல்லாமல் பிலிம் பசையால் ஒட்டுவது) நிற்காது.

வேறுவேறு இடம் என்றால் நிலைமின்சாரம். மழைக்காலத்தில் வெளியே எவ்வளவு ஈரம் இருந்தாலும், இடைவிடாமல் ஓடும் ஏ.சி. அறையை உலர்த்திவிடும். ஈரப்பதத்தை 50 முதல் 60 சதவீதத்துக்குள் வையுங்கள். சட்டத்துக்கு எர்த் கொடுத்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சுழலும் தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே பேரிங் கிரீஸ் இருப்பதால், எர்த் தட்டு வரை போகாமலே இருக்கலாம். தண்டின் மேல் உரசும்படி ஒரு கார்பன் பிரஷ் பொருத்தி, தட்டுக்கும் எர்த்துக்கும் இடையே ஓம் பார்த்தால் உண்மை தெரியும். ஓரிரு ஓமுக்குள் இருப்பது நல்லது.

கே: பாலியஸ்டர் அறுந்துபோகாது என்கிறார்கள். அப்படியானால் பாதுகாப்பு சுவிட்ச் எதற்கு? (வாசகர், மாட்டுங்கா)

ப: அறுந்துபோகாது என்பதனால்தான் வேண்டும். பழைய அசிடேட் வகை பிலிம் சிக்கினால் பிலிம் அறுந்து ஆட்டம் முடியும். பாலியஸ்டர் சிக்கினால் ரோலரை வளைக்கும், கம்பத்தையே சாய்க்கும். பிளாட்டருக்கும் புரொஜெக்டருக்கும் இடையே ஸ்பிரிங் வைத்த ரோலர் கை ஒன்றைப் பொருத்துங்கள். இழுவிசை கூடினால் கை உயர்ந்து ஒரு மைக்ரோசுவிட்சைத் திறக்க வேண்டும். பிலிம் இல்லாமல் கை விழுந்தால் இன்னொன்றைத் திறக்க வேண்டும். இரண்டையும் மோட்டார் கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் காந்த சுவிட்ச்) காயிலோடு தொடராக இணையுங்கள். அப்போது கம்பி அறுந்தாலும் மோட்டார் நிற்கும். அதே நொடியில் விளக்கின் டவுசரும் (ஒளியை மறைக்கும் தகடு) மூடவேண்டும். கேட்டில் (பிலிம் மேல் ஒளி விழும் இடம்) அசையாமல் நிற்கும் அசிடேட் பிரேமை செனான் விளக்கின் வெப்பம் உருக்கிவிடும்.

கே: இடைவேளை முடிந்து ஓட்டும்போது மட்டும் பிரெயின் வெடுக்கென்று இழுபடுகிறது. (வாசகர், முலுண்ட்)

ப: தட்டில் கிடப்பது இருபது கிலோவுக்கு மேல். நின்ற நிலையிலிருந்து அது வேகம் பிடிப்பதற்குள் புரொஜெக்டர் முழு வேகத்துக்குப் போய்விடுகிறது. புரொஜெக்டர் மோட்டார் மூன்று பேஸ் என்றால் வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) போட்டு, 3 அல்லது 4 நொடியில் வேகம் ஏறும்படி வையுங்கள். அதுவரை டவுசரும் ஒலியும் திறக்கக் கூடாது. இல்லையென்றால் கதாநாயகன் முனகிக்கொண்டே எழுந்து வருவார்.

கே: காப்பகத்திலிருந்து வரும் பிரின்ட்டை பிளாட்டரில் ஏற்றலாமா? (வாசகர், சயான்)

ப: கூடாது. ஏற்ற வேண்டுமானால் ஒவ்வொரு ரீலின் முன்னும் பின்னும் உள்ள லீடரை (படமில்லாத பிலிம் துண்டு) வெட்டி எல்லாவற்றையும் ஒட்ட வேண்டும், திருப்பும்போது மறுபடியும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு பிரேமாவது பலியாகும் அபாயம் உண்டு. 2,000 அடி ரீல் 22 நிமிடம் ஓடும். இரண்டு புரொஜெக்டர் இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒன்றுதான் என்றால் ரீலுக்கு ரீல் விளக்கைப் போட்டு, பார்வையாளர்களிடம் சொல்லிவிடுங்கள். டப்பாவைத் திறந்ததும் அசிடேட் சிதைவதைக் காட்டும் வினிகர் வாடை அடித்தால் எதிலுமே ஏற்றாமல், மற்ற ரீல்களிலிருந்து தள்ளி வைத்துவிட்டுக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.