ஜெட் லாக்கோடு புதுச்சேரியில் முதல் நாள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நெடுந்தொலைவு விமானப் பயணத்துக்குப் பின் உடற்கடிகாரம் வந்த ஊரின் நேரத்தோடு ஒத்துப்போகாமல் தடுமாறுவதே ஜெட் லாக். டிசம்பர் விடுமுறைக்கு ஊர் திரும்புவோரின் கடிதங்களில் பெரும்பாலானவை, வந்திறங்கும் முதல் நாளை எப்படிக் கழிப்பது என்றே கேட்கின்றன. எங்கிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்துப் பதில் அடியோடு மாறுவதால், ஊர்வாரியாகவே எழுதுகிறேன்.

பாரிஸிலிருந்து வருகிறோம். பின்னிரவில் சென்னையில் இறங்கி, விடியும் வேளையில் புதுச்சேரி வந்து சேர்வோம். நேரே கடற்கரைச் சாலைக்குச் சென்று சூரிய உதயம் பார்த்தால் உடல் சீக்கிரம் பழகிவிடும் என்கிறார்கள். சரிதானா?

முதல் நாளில் அதைத் தவிர்த்துவிடுங்கள். உடலின் வெப்பநிலை மிகவும் தாழ்ந்திருப்பது, நாம் வழக்கமாகக் கண்விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பு. அந்தத் தாழ்நிலைக்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் உடற்கடிகாரத்தைப் பின்னே தள்ளும். அதற்குப் பின் படும் வெளிச்சம் முன்னே நகர்த்தும்; கிழக்கு நோக்கி வருபவருக்குத் தேவை இதுவே. பாரிஸில் காலை ஏழு மணிக்கு எழுபவருக்கு அத்தாழ்நிலை அங்கே நாலரை மணி வாக்கில் வரும். குளிர்காலத்தில் நமக்கும் பாரிஸுக்கும் நாலரை மணி நேர வேறுபாடு இருப்பதால், இங்கே அது காலை ஒன்பது மணி. ஆகவே, ஆறரை மணிக்குக் காந்தி சிலையருகே நின்று பார்க்கும் உதயம், கிழக்கே வந்திருக்கும் உங்கள் உடலை மேற்கு நோக்கியே இழுக்கும்.

வந்ததும் படுத்து, ஒன்பது மணிவரை அறையை இருட்டாக வைத்திருங்கள். பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் பழைய வீடுகளில் மரச்சட்டச் சன்னல்களின் இடுக்கு வழியே விடிந்ததுமே வெளிச்சம் கோடு கோடாக இறங்கும். ஒரு கனத்த போர்வையைக் கொடியில் போட்டு மறைத்தால் போதும். ஒன்பதரைக்கு மேல் வெளியே வந்து, ஆயி மண்டபம் இருக்கும் பாரதி பூங்காவில் ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் நடங்கள். மணக்குள விநாயகர் கோயிலும் அங்கிருந்து நடக்கும் தொலைவுதான். பிற்பகல் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். கடற்கரைச் சாலையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டிகள் வருவதில்லை என்பதால், களைத்த கால்களுக்கும் அது பாதுகாப்பான இடம். விடியற்காலைக் கடலை மூன்றாம் நாள் வாக்கில் நிம்மதியாகப் பார்க்கலாம்.

டொராண்டோவிலிருந்து வந்திருக்கிறோம். நான்கு வயது மகள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து விளையாடுகிறாள். என்ன செய்வது?

பத்தரை மணி நேர வேறுபாட்டில் குழந்தைக்குப் பகலும் இரவும் ஏறக்குறைய இடம் மாறிவிடுகின்றன. அவளைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. மங்கிய விளக்கில் ஒரு இட்லியோ வாழைப்பழமோ கொடுத்து, கைபேசியைக் காட்டாமல், மெதுவாகக் கதை சொல்லிக்கொண்டிருங்கள். அவளுடைய தாழ்நிலை இங்கே பிற்பகலில் வருவதால், மூன்று மணிக்கு மேல் மாலைவரை கிடைக்கும் வெளிச்சமே அவளுக்குப் பயன்படும். அந்நேரத்தில், 1826-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆரோவில், பிச்சாவரம் போன்ற தொலைவான இடங்களுக்கு முதல் நாளில் திட்டமிடாதீர்கள். கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகத்தான் நகரும் என்பதால், முழுமையாகச் சரியாக ஒரு வாரத்துக்கு மேலாகும். உறவினர் வீட்டு விருந்துகளை அதற்கேற்பத் தள்ளிவைக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

சிங்கப்பூரிலிருந்து கடலூருக்கு வருகிறேன். எனக்கும் இவ்வளவு கட்டுப்பாடு தேவையா?

தேவையில்லை. இரண்டரை மணி நேரந்தான் வேறுபாடு. அதுவும் மேற்கு நோக்கிய பயணம் உடலுக்கு எளிது. மாலை வெளிச்சம் மறையும்வரை தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் இருந்துவிட்டு, வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாகப் படுங்கள்.

புதுச்சேரியிலிருந்து ஜூன் மாதம் டோக்கியோ செல்கிறேன். முதல் நாளை வீணாக்காமல் சுற்றிப் பார்க்க வழி உண்டா?

வழி இங்கேயே தொடங்குகிறது. டோக்கியோ நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னே இருப்பதால், புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்து தினமும் அரை மணி நேரம் முன்கூட்டியே படுத்து, எழுந்ததும் கடற்கரைச் சாலையில் நடந்து விடியல் வெளிச்சத்தைப் பெறுங்கள். உங்கள் தாழ்நிலை விடியுமுன்பே கடந்துவிடுவதால், பாரிஸ் வாசகருக்கு முதல் நாளில் நான் மறுத்த அதே விடியல், உங்களுக்கு மருந்து. அங்கே ஜூனில் நாலரை மணிக்கெல்லாம் விடிந்துவிடும்; திரையை மூடி உறங்கி, எட்டு மணிக்குப் பின் அசாகுசாவின் சென்சோஜி கோயிலுக்கோ உவேனோ பூங்காவுக்கோ செல்லுங்கள். அன்றிரவு பத்து மணிக்குத் தூக்கம் வராவிட்டால் பதற வேண்டாம். இங்கே அப்போது மாலை ஆறரைதானே!

தூக்கம் வராமலிருக்க வடிகட்டிய காபி குடித்துக்கொண்டே வாடகை ஸ்கூட்டரில் சுற்றலாமா?

காபி பிற்பகல் இரண்டு மணியோடு நிற்கட்டும். குடித்த கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் பலருக்கு உடலில் தங்கியிருக்கும். ஸ்கூட்டர் முதல் நாளில் வேண்டவே வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் நொடிப்பொழுது கண்ணயர்வது ஓட்டுபவருக்கே தெரியாது. ஆட்டோவில் செல்லுங்கள்.

என் தந்தைக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். லண்டனிலிருந்து வரும்போது வேளையை எப்படி மாற்றுவது?

கிழக்கு நோக்கி வரும்போது அந்த நாள் சுருங்குவதால், இரண்டு ஊசிகளுக்கு இடையேயான நேரம் குறைந்து, சர்க்கரை அளவு ஆபத்தாகத் தாழக்கூடும். எந்த வேளையில் எவ்வளவு என்பதைப் புறப்படும் முன்பே அவருடைய மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைக் கைப்பையிலேயே வையுங்கள். விமானச் சரக்கறையின் குளிரில் அது உறைந்தால் பயன்படாது. முதல் நாளில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சர்க்கரையைச் சோதியுங்கள். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, அதைப் பயணக் களைப்பு என்று எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.