பூர்வகுடிப் பண்பாட்டுக்கு ஏற்ற சிறை என்றால் கட்டடத்தில் என்ன மாறும்?

ஆஸ்திரேலியாவில் சிறையில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பூர்வகுடியினர். மக்கள்தொகையிலோ அவர்கள் நான்கு சதவீதம்கூட இல்லை. அதனால் சுவரில் புள்ளி ஓவியம் தீட்டுவதோடு முடிகிற வேலை இல்லை இது. மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் வடக்கே, கிம்பர்லி வட்டாரத்து டெர்பி ஊருக்கு அருகே 2012-இல் திறந்த மேற்குக் கிம்பர்லி வட்டாரச் சிறையை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் இடம். கிம்பர்லிக்காரரைத் தெற்கே மாநிலத் தலைநகர் பெர்த்தில் அடைத்தால் சொந்த ஊர் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும்; பார்க்க ஆள் வராது. இது தவறினால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

டெர்பியில் செல் வரிசைக்குப் பதில் சிறு சிறு வீடுகள். சமைப்பதும் துவைப்பதும் கைதிகளே. யார் எந்த வீட்டில் என்பதற்குப் பாதுகாப்புத் தரத்தோடு குடும்பத்தையும் மொழிக்குழுவையும் பார்க்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது விலகல் முறையில்தான். பல குழுக்களில் மாமியாரும் மருமகனும் எதிரெதிரே வரக்கூடாது, பேசக்கூடாது. பார்வையாளர் கூடத்துக்கு ஒரே வாசல் வைத்தால், உள்ளே மாமியார் இருக்கிறார் என்று தெரிந்த மருமகன் வாசலிலேயே நின்றுவிடுவார். காவலர் அதை முரண்டு என்று எழுதி வைப்பார். எனவே குறைந்தது இரண்டு வழி வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தூரத்திலிருந்தே தெரியும்படி தாழ்வான தடுப்பு வேண்டும். மரத்தடியில் ஒருவர் பார்வையில் மற்றவர் படாதபடி இருக்கைகள் வேண்டும்.

சாவு நடந்தால் அந்த அறையைப் புகை போட்டுச் சுத்தம் செய்யும்வரை பலர் உள்ளே போகமாட்டார்கள். அதற்குக் காலி அறை கைவசம் இருக்க வேண்டும். புகை உணரியை அந்த அறைக்கு மட்டும் அணைக்கும் வசதியும் வேண்டும்.

இன்னொரு சிக்கல் உண்டு. 1980-களில் காவலில் நேர்ந்த 99 பூர்வகுடிச் சாவுகளை ஆராய்ந்த அரச ஆணையம், 1991 அறிக்கையில், தூக்கு மாட்ட இடம் தரும் கம்பி, கொக்கி போன்றவற்றை மறைத்து ஆபத்தைக் குறைக்கச் சொன்னது. ஆனால் இந்த வீடுகளுக்கு முன்னால் போடும் தாழ்வாரமோ தூணும் உத்திரமும் இல்லாமல் நிற்காது. உத்திரத்தைக் கூரைப்பலகைக்குள் மறைக்கலாம். எடை விழுந்தால் மடங்கும் கொக்கி பொருத்தலாம். அதே ஆணையம், காவல் நிலைய அறையில் பூர்வகுடியினரைத் தக்க காரணமின்றித் தனியே அடைக்காதே என்றும் சொன்னது. பக்கத்தில் சொந்தக்காரர் இருப்பது எந்தக் கொக்கியை விடவும் பெரிய காப்பு என்றே நான் நம்புகிறேன்.

இவ்வளவையும் குலைப்பது நெரிசல். கட்டில்கள் நிரம்பியதும் அடுக்குக் கட்டில் வரும். பிறகு எந்தக் கட்டில் காலியோ அங்கேதான் ஆள், உறவுமுறை பார்க்க இடமிருக்காது. எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கு மேலே சில வீடுகளைச் சேர்த்தே வரைபடம் போடுங்கள். அந்த வரைபடத்தையும் ஒரே மூத்தவரிடம் காட்டி ஒப்புதல் வாங்காமல், ஒவ்வொரு மொழிக்குழுவிடமும், ஆண்களிடம் தனியாகவும் பெண்களிடம் தனியாகவும் காட்டிக் கேளுங்கள்.