அனுப்பாத கடிதம்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

நேரில் சொல்ல முடியாததைக் கடிதமாக எழுதுங்கள், ஆனால் அனுப்பாதீர்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். மனநல ஆலோசகராகப் பலரிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அக்கா, என் நாத்தனாருக்கு ஆறு பக்கம் எழுதினேன். முடித்தபோது ஆத்திரம் இரண்டு மடங்கானது. ராத்திரி தூக்கமே இல்லை. எனக்கு இது சரிவராதா?

முதல் நாள் அப்படி இருப்பது சகஜம். 1986-இல் ஜேம்ஸ் பென்னபேக்கர், சான்ட்ரா பீல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள் எழுத வைத்தார்கள். மனதை வாட்டிய ஒன்றை, நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதிய கையோடு வாடித்தான் போனார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் உடம்புக்கு முடியவில்லை என்று அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. நடந்ததை மட்டும் அறிக்கை மாதிரி எழுதியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் 'நீ', 'உன்னால', 'நீ எப்பவுமே' என்றே ஓடுகிறது. திட்டலாம், முதல் நாள் ஆசைதீரத் திட்டுங்கள். நாலாம் நாளும் அதே வரிகள் வந்தால்தான் கவலை. பென்னபேக்கர் பின்னாளில் இப்படி எழுதியவற்றில் சொற்களை எண்ணிப் பார்த்தார். 'ஏனென்றால்', 'அதனால்தான்', 'இப்போதுதான் புரிகிறது' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடியவர்களுக்கே பலன் அதிகமாக இருந்தது. அதனால் அடுத்த முறை, 'எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்றால்...' என்று தொடங்குங்கள். நகைப் பிரச்சினைக்கு நாலு பக்கம் கொடுத்துவிட்டு, 'எங்கம்மா முன்னாடி வெச்சுக் கேட்டியே' என்பதைத் தாளின் ஓரத்தில் கிறுக்கியிருக்கிறீர்கள். கடிதமே அந்த ஓரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

கைபேசியில் எழுதலாமா? தங்கிலீஷில்தான் எனக்கு வேகமாக வரும்.

எந்த மொழியிலும் எழுதலாம். கெட்ட வார்த்தையும் எழுத்துப்பிழையும் இருக்கட்டும். ஒன்றே ஒன்று: அந்த ஆளின் வாட்ஸ்அப் பெட்டியிலேயே தட்டச்சு செய்யாதீர்கள். கைதவறி அனுப்பிவிட்டு நடுராத்திரி என்னை அழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்பா இறந்து இரண்டு வருடம். கடைசி ஏழு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இப்போது அவருக்குக் கடிதம் எழுதுகிறேன். அதை அம்மா படித்துவிட்டு அழுதார். நான் செய்தது தப்பா மேடம்?

தப்பில்லை தம்பி. இறந்தவருக்கு எழுதும்போது பலரும் மன்னிப்பில் தொடங்கி மன்னிப்பிலேயே நின்றுவிடுகிறார்கள். போனவரைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்திருக்கிறோம், கை வராது. ஆனால் ஏழு மாதப் பேச்சின்மையில் அவருக்கும் பங்கு உண்டல்லவா? அதையும் எழுதுங்கள். அப்புறம் அவர் இல்லாத இந்த இரண்டு வருடச் செய்திகளைச் சொல்லுங்கள்: யாருக்குக் கல்யாணம் ஆனது, அவருடைய வண்டியை என்ன செய்தீர்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்பாவின் திதிக்குத் திதி ஒரு பக்கம் எழுதுகிறார். மூன்றாவது வருடக் கடிதத்தில் பாதி, தோட்டத்துத் தென்னையைப் பற்றித்தான் இருந்ததாம். அதைச் சொல்லும்போது சிரித்தார்.

அம்மாவிடம், 'உனக்கும் அப்பாகிட்ட சொல்ல ஏதாவது பாக்கி இருக்காம்மா?' என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு எழுத வராவிட்டால், அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம்.

கணவரைப் பிரிந்து எட்டு மாதம். தினமும் அவருக்கு எழுதுகிறேன். நாலு நோட்டு முடிந்துவிட்டது.

கொஞ்சம் நிறுத்துங்கள். அண்மையில் துணையைப் பிரிந்த 90 பேரை வைத்து அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஸ்பாரா குழுவினர் செய்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. 'ஏன் இப்படி ஆச்சு' என்று ஏற்கெனவே துருவிக்கொண்டே இருந்தவர்களில், உணர்ச்சிகளைக் கொட்டி எழுதியவர்களைவிட, அன்றாட வேலைகளை உணர்ச்சி கலக்காமல் எழுதியவர்களே நன்றாகத் தேறினார்கள். நீங்கள் ஐந்தாவது நோட்டு வாங்க வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், இன்று என்ன சமைத்தேன், எங்கே போனேன் என்று எழுதுங்கள். சப்பென்றுதான் இருக்கும், பரவாயில்லை.

மேலாளருக்கு எழுதிய கடிதம் அருமையாக வந்திருக்கிறது. ஒரு வார்த்தைகூட பொய்யில்லை. அனுப்பினால் என்ன?

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டையில் ஜெயித்த தளபதி மீட், பின்வாங்கிய எதிரிப் படையைத் தப்பிப் போகவிட்டார். கொதித்துப்போன அதிபர் லிங்கன் ஜூலை 14 அன்று அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை உறையில் போட்டு, அனுப்பவும் இல்லை, கையெழுத்திடவும் இல்லை என்று மேலே குறித்து வைத்துவிட்டார். அதிலும் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தளபதியை வைத்துத்தானே அவர் போரைத் தொடர வேண்டியிருந்தது!

நீங்களும் உறையில் போட்டு வையுங்கள். பத்து நாள் கழித்து எடுத்துப் படித்து, அதில் இரண்டு கோரிக்கை தேறினால், அவற்றை மட்டும் வைத்துப் புதிதாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்.

போன வாரம் விபத்தில் நண்பன் என் கண்ணெதிரே இறந்தான். உடனே எழுதினால் மனம் ஆறுமா?

இப்போது வேண்டாம். சில வாரம் போகட்டும். சாப்பாடு, தூக்கம், கூட ஒரு ஆள், இப்போதைக்கு இதுதான் முக்கியம். பிறகும்கூட, இதைத் தொட்டால் உடைந்துவிடுவேன் என்று தோன்றினால் தொடாதீர்கள். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்கு அழையுங்கள். அது அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கூட்டுக்குடும்பம். எனக்கென்று ஒரு அலமாரிகூட இல்லை. எழுதியதை எங்கே வைப்பது?

வைக்காதீர்கள், கிழித்துப் போடுங்கள். எரித்தால்தான் பாரம் இறங்கும் என்றெல்லாம் இல்லை, வீட்டில் புகை வந்தால் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவேன். அப்போது மை பேனா, எல்லாம் கரைந்துவிடும். பால்பாயின்ட் கரையாது, அதை நம்பி வாளியை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.