எந்த வால்வு ஆம்ப் வாங்கலாம்?

கேள்வி: முன்னறை 12க்கு 14 அடி. ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபெல், 8 ஓம். நாதஸ்வரக் கச்சேரியும் பழைய சினிமாப் பாட்டும்தான் அதிகம் கேட்பேன். இஎல்84 வால்வு போட்ட ஆம்ப் போதுமா, இஎல்34 வால்வு போட்டதை வாங்கட்டுமா? பிறகு அதில் கேடி88 வால்வை மாட்டிக்கொள்ளலாமா?
- வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: இஎல்34 புஷ்-புல் (இரண்டு வால்வு மாறி மாறி வேலை செய்யும் அமைப்பு) ஆம்ப் வாங்குங்கள், ஜோடிக்கு 30 வாட்டுக்குக் குறையாது. இஎல்84 ஜோடி தருவது 12 முதல் 15 வாட். மெதுவாக வைத்துக் கேட்க அது அருமை. தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து உச்சத்துக்குப் போனால் ஒலி பிசிறடிக்கும். குறைந்த வாட்டிலேயே சத்தமாகப் பாடும் 92 டெசிபெல் ஸ்பீக்கர் என்றால் இஎல்84-ஐயே சொல்லியிருப்பேன், அவ்வளவு இனிமை அதில்.

கேடி88 அதே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் அதற்கு வேண்டிய பயாஸ் (பாட்டு ஓடாதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் அமைப்பு) வேறு. தயாரித்தவர் அனுமதித்திருந்தால் மட்டும் மாட்டுங்கள்.

பயாஸ் வைக்கும்போது கவனம்: இஎல்34-க்குள் இருக்கும் உலோகத் தகடு தாங்கும் வெப்பம் 25 வாட். அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட்டுக்கு மேல் போகாதீர்கள். தகட்டில் 450 வோல்ட் என்றால் ஒரு வால்வுக்கு 39 மில்லிஆம்பியர். கேத்தோடில் (வால்வில் எலக்ட்ரான் புறப்படும் முனை) 10 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மீட்டர் 0.39 வோல்ட் காட்டும். பயாஸைச் சரிசெய்யும் திருகாணியும் மீட்டர் வைக்கும் முனையும் வெளியே இல்லாத ஆம்ப் என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள். அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் நிற்கும்.

ஒரு வால்வின் தகடு மட்டும் செக்கச்செவேலென்று சிவந்தால் உடனே அணையுங்கள். முந்தைய கட்டத்திலிருந்து ஒலி சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டர் கசியலாம். அல்லது சாக்கெட் தொடர்பு விட்டு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கு மைனஸ் வோல்டேஜ் போகாமல் இருக்கலாம். கடற்காற்று அடிக்கும் ஊரில் இரண்டாவதை முதலில் பாருங்கள்.

ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டுப் பாட்டு ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப் 100 வோல்ட்டுக்கானது; நம் 230-இல் நேராகச் செருகக் கூடாது.