எல்லைப்புறப் படங்கள் தேடினால் கிடைக்கவும், பார்வையற்றோருக்கும் பயன்படவும் தளத்தில் என்ன மாற்ற வேண்டும்?

கேள்வி இது: தமிழ்நாடு–கேரள எல்லையில் உள்ள செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்துப் படங்களை இரண்டு மாநிலத்தாரும் ஏற்றும் சிறு தளம். படம் உள்ளே இருந்தும் தேடினால் வருவதில்லை. திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் செயலி) பயன்படுத்துவோருக்கு "படம், படம்" என்பதைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை. படத்துக்குத் தானாக டேக் (தேட உதவும் அடையாளச் சொல்) போடும் ஏஐ வசதி வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கழுதுருட்டிப் பாலத்தைக் காட்டினால் அது பெரும்பாலும் "பாலம், மரம், மலை" என்றுதான் சொல்லும். தேடி வருகிறவர் தட்டுவதோ "பதிமூன்று கண் பாலம்" என்று. மலையாளி என்றால் "பதிமூணு கண்ணறப் பாலம்" என்று. முதலில் வேண்டியது ஊர்ப்பெயர் அட்டவணை.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அதன்கீழ் எல்லாப் பெயர்களையும் வையுங்கள். செங்கோட்டைக்குத் தமிழ், மலையாள எழுத்தில் உள்ள பெயர்கள், ஆங்கிலத்தில் செங்கோட்டை என்றும் ஷென்கோட்டா என்றும் எழுதும் பழைய, புதிய எழுத்துக்கூட்டல்கள், ரயில் நிலையக் குறியீடான எஸ்சிடி எல்லாம் சேரும். மாவட்டமும் அப்படியே. 1956 நவம்பர் வரை அது திருவிதாங்கூர்–கொச்சிப் பக்கம். பிறகு திருநெல்வேலி மாவட்டம். 2019 முதல் தென்காசி மாவட்டம். பழைய படத்தில் பழைய பெயர் இருந்தால் அழிக்காதீர்கள், புதியதையும் சேருங்கள். வெறும் "செங்கோட்டை" என்று தலைப்பு வைத்தால் கூகுளில் டெல்லிக் கோட்டைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்கும். "செங்கோட்டை, தென்காசி மாவட்டம்" என்று வையுங்கள். பாலருவியும் இப்படித்தான், அருவியும் உண்டு, அதே பேரில் ரயிலும் உண்டு.

இடப்பெயரைக் கையால் தட்ட விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தால் பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது எழுத்துச் சிக்கல். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருக்கலாம். "கொல்லம்" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்றும் சேமிக்கலாம். சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டுத் தரம்) என்எஃப்சி முறையில், அதாவது இத்தகைய இரு வடிவங்களையும் ஒரே வடிவமாக்கும் முறையில், சமப்படுத்தினால் இது தீரும். ஆனால் "பௌர்ணமி" என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டு "பெளர்ணமி" என்று அடிப்பவர்கள் ஏராளம். அது என்எஃப்சிக்குப் பிடிபடாது, தனி விதி எழுத வேண்டும். மலையாளத்தில் இதே சிக்கல் சில்லெழுத்தில் (உயிரொலி சேராத தனி மெய்யெழுத்து) வரும். புனலூரின் கடைசி எழுத்துக்கு 2008க்கு முந்தைய குறியீட்டு முறை வேறு, பிந்தையது வேறு. அதையும் என்எஃப்சி ஒன்றாக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய குறிப்புகள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றாமல் தேடவே முடியாது.

வேற்றுமை உருபும் தேடலைக் கெடுக்கும். "பாலம்" என்று தேடினால் "பாலத்தின்" வராது. கடைசி எழுத்தை வெட்டி "பால" என்று தேட வைத்தாலோ பாலருவி முழுவதும் வந்து குவியும்! விளக்கத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும். டேக்கில் மட்டும் உருபு இல்லாத பெயரே இருக்கட்டும். ரயில், இரயில், ரெயில் மூன்றையும் ஒன்றாகக் கட்டுங்கள். அருவி, நீர்வீழ்ச்சி அதே வகை.

வாட்ஸ்ஆப்பில் படமாக வந்ததில் தேதியும் ஜிபிஎஸ்ஸும் போயிருக்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்த படத்தில் ஸ்கேன் தேதியே எடுத்த தேதியாக உட்காரும். புனலூர்–செங்கோட்டை மீட்டர் கேஜ் ஓட்டம் 2010இல் நின்றது, 2018இல் அகலப்பாதையாகத் திறந்தது. மீட்டர் கேஜ் வண்டிக்கு 2019 என்று தேதி இருந்தால் அது ஸ்கேனர் சொன்ன தேதி. ஜிபிஎஸ் எண்ணில் நான்கு தசம இடம் என்றால் இடம் சுமார் 11 மீட்டர் துல்லியமாகத் தெரியும், இரண்டு என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர். பாலத்துக்கு நான்கு போதும். வீட்டுப் படத்துக்கும், செந்துருணிச் சரணாலயப் பக்கம் எடுத்த பறவைக் கூட்டுக்கும் இரண்டுக்கு மேல் வெளியிடாதீர்கள்.

இனி ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்துக்குப் பதில் திரைவாசிப்பான் படிக்கும் விளக்கம். தலைப்பையே அதில் ஒட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கேட்பவருக்கு ஒரே வாக்கியம் இரண்டு முறை காதில் விழும். தலைப்பு எந்த இடம் என்று சொல்லட்டும், ஆல்ட் கண்ணில் படுவதைச் சொல்லட்டும்: "மலைச்சரிவில் வரிசையாக வளைவுகள் கொண்ட கருங்கல் பாலம், மேலே நீலப் பெட்டிகளுடன் ரயில், முன்னால் நெடுஞ்சாலையில் ஒரு பஸ்." "இது ஒரு படம்" என்று தொடங்க வேண்டாம், அதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். பெயர்ப் பலகை இருந்தால் அதில் உள்ள எழுத்தை அப்படியே தாருங்கள். அலங்காரக் கோடுகளுக்கு ஆல்ட் பண்பை நீக்காமல் காலியாக விடுங்கள்; நீக்கினால் சில வாசிப்பான்கள் கோப்புப் பெயரைப் படிக்கத் தொடங்கும்.

பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறித்திருந்தால் தமிழ் விளக்கத்தை ஆங்கிலக் குரல் விழுங்கிவிடலாம். தமிழ்ப் பகுதிக்குத் தமிழ் என்றும், மலையாளப் பகுதிக்கு மலையாளம் என்றும் மொழியைச் சொல்லும் லாங் பண்பில் தனித்தனியே குறியுங்கள்.

அருவிப் படத்தின் நுரைமேல் வெள்ளை எழுத்தில் பெயர் போடும் பழக்கத்தை விடுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கு நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 வேண்டும், குற்றால நுரையில் அது கிடைக்காது. முடிவில்லாமல் உருளும் பக்கத்துக்குப் பதில் 24 படங்களும் "அடுத்த பக்கம்" என்ற உண்மையான இணைப்பும் வையுங்கள். விசைப்பலகை வைத்திருப்பவரும் கடைசிவரை போகலாம், கூகுளும் போகும். படங்களை சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) பின்னணியாகப் போட்டிருந்தால் மாற்றுங்கள், கூகுள் அவற்றைப் படத்தேடலில் சேர்ப்பதில்லை.

சோதிக்கச் செலவில்லை. கணினியில் என்விடிஏ, ஆண்ட்ராய்டில் டாக்பேக், இரண்டும் திரைவாசிப்பான்கள். திரையை அணைத்துவிட்டு ஒரு படத்தைத் தேடிப் பாருங்கள். கூடவே, விடையே வராத தேடல் சொற்களைத் தளம் பதிவு செய்யட்டும். வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்த்து, புதிதாக வந்த எழுத்துக்கூட்டல்களை ஊர்ப்பெயர் அட்டவணையில் ஏற்றுங்கள்.